தாய்லாந்து வேலைக்குப் போன தம்பி மியான்மரில் சிக்கியிருக்கிறான்: குடும்பம் சட்டப்படி என்ன செய்யலாம்?

கேள்வி: டிப்ளமோ முடித்த என் தம்பியிடம் பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை இருப்பதாகச் சொல்லி, எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் 1.5 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு அவனைச் சுற்றுலாப் பயணியாக அனுப்பிவைத்தார். போன சில நாட்களில் வாட்ஸ்அப்பில் அழைத்தவன், இரவோடு இரவாக ஆற்றைக் கடக்க வைத்து மியான்மர் எல்லை ஊரான மியாவாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்றான். அதன் பிறகு மூன்று மாதமாகப் பேச்சே இல்லை. காவல் நிலையத்தில், "அவர் விரும்பித்தானே போனார்" என்று சொல்லி, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். ஏஜென்ட்டோ இன்னும் 3 லட்சம் தந்தால் மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். நாங்கள் என்ன செய்வது?
வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வேலை ஆசை காட்டி இணைய மோசடி முகாம்களில் அடைக்கும் இந்தக் கண்ணியில் சிக்கிய பலர் வீடு திரும்பியிருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் தாய்லாந்து எல்லையில் உள்ள மே சொட்டிலிருந்து இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் அழைத்து வரப்பட்டார்கள். ஆயுதக் குழுக்களின் பிடியில் இருக்கும் அந்தப் பகுதிக்குள் நம் அதிகாரிகள் நேராகப் போய் ஒருவரை அழைத்து வந்துவிட முடியாது. ஆகவே, மீட்பு வாய்ப்பு வரும் நாளில் உங்கள் தம்பியின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அரசின் பதிவில் ஏற்கெனவே இருக்க வேண்டும். அதற்கு நீங்கள் முதலில் பெற வேண்டியது முதல் தகவல் அறிக்கை, சி.எஸ்.ஆர். ரசீது போதாது.

"விரும்பித்தானே போனார்" என்ற பதில் சட்டப்படி செல்லாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்காக ஆள்சேர்ப்பதையே ஆள்கடத்தல் என்கிறது. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்று அதன் விளக்கமே சொல்கிறது. ஆள்சேர்ப்பு உங்கள் ஊரில் நடந்திருப்பதால், குற்றத்தின் முதல் பகுதி உங்கள் காவல் நிலைய எல்லைக்குள்ளேயே நடந்திருக்கிறது. "வெளிநாட்டு விவகாரம்" என்று அவர்கள் கைகழுவ முடியாது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டுமே, முதல் தகவல் அறிக்கை பதியும் முன் 14 நாள் பூர்வாங்க விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. 143ஆம் பிரிவுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு என்பதால் விசாரித்துவிட்டுப் பதிகிறோம் என்ற காரணமும் இங்கே பொருந்தாது. இன்னும் முக்கியமாக, ஆள்கடத்தல் பற்றிய தகவலைப் பதிவு செய்யத் தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு என்று அதே சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு கூறுகிறது. இதை மரியாதையாகவே, ஆனால் மனுவில் எழுத்து வடிவில், குறிப்பிடுங்கள்.

மனுவை "பண மோசடி" என்று தலைப்பிட்டு எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் ஏஜென்ட் பணத்தைத் திருப்பித் தந்ததும் விவகாரம் சமரசத்தில் முடிந்துவிடும். உங்கள் தம்பியைத் தேட யாருக்கும் கடமை இருக்காது. பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது, எல்லை கடத்தப்பட்டது, அடைத்து வைக்கப்பட்டது என அவர் அந்த அழைப்பில் சொன்ன ஒவ்வொன்றையும் அவருடைய சொற்களிலேயே எழுதி, 143ஆம் பிரிவை முதலிலும் மோசடிக்கான 318ஆம் பிரிவை அடுத்தும் குறிப்பிடுங்கள். அந்த ஏஜென்ட் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுகளைப் பதிவு செய்யும் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு இல்லையென்றால் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தில் பதிவின்றி ஆள்சேர்ப்பதைத் தடுத்துத் தண்டிக்கும் 10, 24 ஆகிய பிரிவுகளும் சேரும்.

நிலையத்தில் மறுத்தால், மனுவின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால், பிரமாணப் பத்திரத்துடன் நீதித்துறை நடுவரை அணுகி விசாரணைக்கு உத்தரவு கேட்கலாம். அடைத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனு போடலாமா என்று இத்தகைய குடும்பங்கள் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். மியான்மரில் அடைத்து வைத்திருப்பவரை நம் நீதிமன்றத்தின் உத்தரவு கட்டுப்படுத்தாது என்பதால், வெளியுறவு அமைச்சகமும் காவல் துறையும் உங்கள் மனு மீது குறிப்பிட்ட காலத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் செயலுறுத்தும் நீதிப்பேராணை (அரசு தன் கடமையைச் செய்யுமாறு இடும் உத்தரவு) கோருவதே பலன் தரும் என்பது என் கருத்து.

காவல் துறையின் பதிலுக்காகக் காத்திராமல், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையப் புகார் தளத்தில் இன்றே புகார் பதிவு செய்யுங்கள். யாங்கோன், பாங்காக் ஆகிய இரண்டு இந்தியத் தூதரகங்களுக்கும், சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கும் அதே விவரங்களை அனுப்புங்கள். அவர் தாய்லாந்து வழியாக வெளியே வரவும் கூடும் என்பதால் இரண்டு தூதரகங்களுமே வேண்டும். பாஸ்போர்ட் நகல், புகைப்படம், உடல் அடையாளங்கள், விமானச் சீட்டு, கடைசி அழைப்பின் நாளும் நேரமும் அந்த மனுவில் இருக்கட்டும். முதல் தகவல் அறிக்கை பதிவானதும், காணாமற்போனோருக்கான இன்டர்போலின் மஞ்சள் அறிவிப்பை சி.பி.ஐ. மூலம் கோரும்படி விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

அவர் அழைத்த எண், குரல் பதிவு, அனுப்பிய படங்கள், இருப்பிடக் குறிப்பு, ஏஜென்ட்டுடன் நடந்த உரையாடல், ஜிபே ரசீது எதையும் அழிக்க வேண்டாம். அவை இருக்கும் கைபேசியையும் மாற்ற வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் நீதிமன்றத்தில் போதாமல் போகலாம். மின்னணுச் சான்றுக்குத் தனிச் சான்றிதழ் தேவை, அதற்கு மூலக் கருவியே அடிப்படை.

ஏஜென்ட் கேட்கும் 3 லட்சத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பெற்ற மனம் எதையும் விற்றுக் கொடுக்கத் துடிக்கும் என்பதை அறிந்தேதான் சொல்கிறேன். பணம் வாங்கிய பின்னும் விடாமல் அடுத்த கும்பலிடம் விற்றுவிடும் ஆபத்து உண்டு. அவருடைய கோரிக்கையே ஒரு சான்று. அதைக் குறுஞ்செய்தியாக வாங்கி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். "பிரச்சினை தீர்ந்தது" என்று எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.

தம்பி திரும்பி வரும்போது, இணைய மோசடி வேலை செய்தாரா என்று அவரிடமே விசாரணை நடக்கலாம். அதனால் அவர் வாக்குமூலம் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞர் உடன் இருக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்ற அச்சத்தில் செய்த செயலுக்கு நியாய சன்ஹிதாவின் 32ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது; ஆனால் அடி, மின்சார அதிர்ச்சி, பட்டினி என்று நடந்தவற்றை அவர் மருத்துவச் சான்றோடு நிலைநாட்ட வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் வக்கீல் கட்டணம் கட்ட முடியாது என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, ஆள்கடத்தலுக்கு உள்ளானவர் என்ற முறையில் அவருக்கும், பெண் என்ற முறையில் உங்களுக்கும், வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் சி.எஸ்.ஆர். ரசீதுடன் மனு கொடுத்தால், முதல் தகவல் அறிக்கைக்கான மனுவிலிருந்தே வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தித் தருவார்கள்.