மழை விட்ட பிறகும் ஆறு ஏறுவது ஏன்?

மழை விட்டு மூன்று மணி நேரமாகியும் தண்ணீர் ஏறுவதில் அதிசயமில்லை. வெள்ளத்தின் உச்சம் இன்னும் உங்கள் இடத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கட்டி வைத்த மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

மேல்பகுதியில் பெய்தது ஓடை ஓடையாகச் சேர்ந்து இறங்க நேரமாகும். சிற்றோடையில் அரை மணி, பெரிய ஆற்றில் நாள்கணக்கு.

சோதிக்க ஒரு வழி: தண்ணீர் இன்னும் எட்டாத கம்பத்தில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை தள்ளி நின்று பாருங்கள். ஏற்றம் 10, 7, 3 செ.மீ. என்று குறைந்தால் உச்சம் நெருங்குகிறது. 3, 7, 10 என்றால் உடனே கிளம்புங்கள். ஒரு ஏமாற்று: கரை தாண்டிப் பரவும்போதும் ஏற்றம் மந்தமானதுபோல் தெரியும்.

மேலே அணை இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மதகு திறந்தால் மறுபடி ஏறும். தண்ணீர் திடீரெனக் கலங்கி மரக்கிளைகள் வந்தாலோ, காரணமின்றிச் சட்டென வற்றினாலோ (மேலே எங்கோ அடைத்திருக்கலாம், அது உடையும்) கம்பத்துக் கோடுகளை மறந்து மேட்டுக்கு ஓடுங்கள். அளவு பார்க்கத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். வேகமாக ஓடினால் 15 செ.மீ. ஆழமே ஆளைச் சாய்த்துவிடும்.