பிள்ளையின் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: நானும் கணவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள், நியூஜெர்சியில் இருக்கிறோம். போன வருடம் காரா (இந்திய அரசின் தத்தெடுப்பு ஆணையம்) மூலமாகத் தமிழ்நாட்டில் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். இப்போது மூன்று வயது. அவளுடைய இந்திய பாஸ்போர்ட்டுக்கு இன்னும் நாலு வருடம் பாக்கி இருக்கிறது. "அமெரிக்க பாஸ்போர்ட் எடுங்க, இதையும் வச்சுக்கோங்க, ரெண்டும் இருந்தா நல்லதுதானே" என்கிறார் ஒரு தோழி. அப்படி வைத்திருந்தால் குற்றம் என்கிறார் இன்னொருவர். எது சரி அக்கா? அதைக் கொடுத்துவிட்டால் ஊரோடு அவளுக்கு இருக்கிற ஒரே தொடர்பையும் நாங்களே அறுத்த மாதிரி ஆகிவிடாதா?

பதில்: உங்கள் கடைசி வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது, அதற்கு வருகிறேன். முதலில் சட்டம். இரண்டாமவர் சொன்னதுதான் சரி. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அரசியலமைப்பின் 9-ஆவது பிரிவு, 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன: ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். மூன்று வயதுக் குழந்தை எதை விரும்பிப் பெற்றது என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான், ஆனால் நடைமுறையில் தூதரகம் குழந்தைக்கும் அதே விதியைத்தான் வைத்திருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை வந்த பிறகு இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பயணம் செய்வது 1967 பாஸ்போர்ட் சட்டத்தின்படி குற்றம். உங்கள் தோழி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் கேட்காதீர்கள்.

உங்கள் மகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை எப்போது வந்தது தெரியுமா? இந்தியாவிலேயே தத்தெடுப்பு முழுமையாக முடிந்து ஐஎச்-3 விசாவில் வந்திருந்தால், விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி அவளை உள்ளே விட்ட அந்த நாளே. 2000-ஆம் ஆண்டில் நிறைவேறி 2001 பிப்ரவரி 27-இல் அமலுக்கு வந்த குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் அப்படி. ஐஎச்-4 விசாவாக இருந்தால் கதை வேறு, முதலில் கிரீன் கார்டுதான் வரும், இங்கே நீதிமன்றத்தில் தத்தெடுப்பை முடித்த பிறகுதான் குடியுரிமை. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவைப் போய்ப் பாருங்கள், எந்த எண் என்று இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள்.

ஐஎச்-3 என்றால் குடியுரிமைச் சான்றிதழ் தபாலில் தானாக வர வேண்டும். வரவில்லையென்றால் விடாமல் கேளுங்கள். ஐஎச்-4 என்றால் என்-600 படிவம் போட்டு நீங்கள்தான் வாங்க வேண்டும், தத்துப் பிள்ளைகளுக்கு 2024 முதல் அதற்குக் கட்டணமும் இல்லை, வாங்கிவிடுங்கள். "அமெரிக்க பாஸ்போர்ட் கிடைத்துவிட்டதே, சான்றிதழ் எதற்கு" என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட் கொடுப்பது வெளியுறவுத் துறை, சான்றிதழ் கொடுப்பது குடியேற்றத் துறை, ஒருவர் பதிவு மற்றவரிடம் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பக் கூடாது. 16 வயதுக்குக் கீழே எடுக்கும் பாஸ்போர்ட் ஐந்து வருடத்தில் காலாவதி ஆகும். சான்றிதழ் காலாவதி ஆவதே இல்லை. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திலும் போய் அவள் குடிமகள் என்று பதிவை மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் பதினெட்டு வயதில் முதல் வேலைக்குப் போகும்போது அங்கே தட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் காகிதத்தைப் பெற்றோர் முடிக்காமல் விட்டதால் வாழ்க்கையே புரண்டுபோன பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆடம் கிராப்சர் என்பவர் 1979-இல் தென்கொரியாவிலிருந்து சின்னக் குழந்தையாக அமெரிக்காவுக்குத் தத்து வந்தவர். வளர்த்தவர்கள் யாரும் அவருக்குக் குடியுரிமை வாங்கவில்லை. நான் மேலே சொன்ன சட்டம் அமலுக்கு வந்த அன்று 18 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குத்தான் பொருந்தும், அவருக்குத் தாண்டிவிட்டது. சில குற்ற வழக்குகளைக் காரணம் காட்டி 2016-இல் அவரைக் கொரியாவுக்கே அனுப்பிவிட்டார்கள், பேச மொழிகூடத் தெரியாத ஊருக்கு. நம் ஊரிலிருந்து போன பழைய பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பெற்றோருக்குத் தத்தாகக் கொடுக்காமல் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி 'காப்பாளர்' என்றுதான் நீதிமன்றம் உத்தரவு போடும், அங்கே போய்த் தத்தெடுத்து, அதற்கப்புறம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சிலர் அந்த இரண்டாவது படியை ஏறவே இல்லை.

சரி, இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது என்றால் அது போயே போய்விடும் என்று நினைத்துவிட்டீர்கள். போகாது. 'கேன்சல்' முத்திரை குத்தி, சரண்டர் சர்டிபிகேட்டோடு உங்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். என் மகளுடையது அப்படித்தான் வந்தது. அவளுக்கு அப்போது இரண்டரை வயது, படத்தில் கண் பாதி மூடியிருக்கும், காதோரம் யாரோ அவசரமாக எண்ணெய் தடவி வாரிவிட்ட தலைமுடி, கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சின்னக் கட்டைவிரல் ரேகை. பதினோரு வயதில் ஒருநாள் அதை எடுத்து, தன் விரலை அந்த ரேகைமேல் வைத்து அளந்து பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை, அன்று முழுக்க அதைக் கையிலேயே வைத்திருந்தாள். அதனால் சொல்கிறேன், பயணத்துக்கு அது உதவாது, ஆனால் அது உங்கள் பொருள் இல்லை, அவளுடையது. காரா கொடுத்த இசைவுச் சான்றிதழ், தத்தெடுப்பு உத்தரவு, பிறப்புச் சான்றிதழ், இல்லத்திலிருந்து கொடுத்த மருத்துவக் குறிப்பு, எல்லாவற்றையும் அதோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். 18 வயதுக்குப் பிறகு தன் வேர்களைத் தேட அவளே நேராக காராவிடம் விண்ணப்பிக்கலாம், அப்போது இந்தக் காகிதங்கள்தான் கையில் இருக்கும்.

சரண்டர் ஆனதும் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுக்கும் அட்டை) எடுத்துவிடுங்கள். ஒரு காலத்தில் இந்தியக் குடிமகளாக இருந்தவள் என்பதால் அது அவளுக்கு அவள் பெயரிலேயே உள்ள உரிமை, உங்களை ஒட்டி வருவது இல்லை. பெயர் எழுத்துகளை மட்டும் முன்கூட்டியே ஒத்துப் பாருங்கள். என் மகள் பெயரில் ஒரு 'ழ' உண்டு, இந்திய பாஸ்போர்ட்டில் அதற்கு இசட்எச், இங்கே எடுத்த காகிதத்தில் ஒரு எல், அந்த இரண்டு எழுத்துக்காக ஒரு அலுவலகம் எங்களை நாலு மாதம் அலைய விட்டது.

கேள்வி: என் கணவர் அமெரிக்கர். அவரும் முதல் மனைவியும் 2011-இல் ரஷ்யாவில் தத்தெடுத்த மகன் எங்களோடு இருக்கிறான், அடுத்த மாதம் 18 ஆகிறது. அவனுடைய ரஷ்ய பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டது. பிறந்த ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறான். புதுப்பிக்கலாமா? (டெக்சாஸ் வாசகி)

பதில்: இந்தியா மாதிரி இல்லை ரஷ்யா. வெளிநாட்டவர் தத்தெடுத்தாலும் பிள்ளையின் ரஷ்யக் குடியுரிமை போகாது. 2013 ஜனவரி 1 முதல் அமெரிக்கர்கள் அங்கே தத்தெடுக்கவே முடியாது என்று தடை வந்த பிறகும், அதற்கு முன் போன பிள்ளைகளின் குடியுரிமை அப்படியேதான் இருக்கிறது. அதாவது பாஸ்போர்ட் காலாவதி ஆனாலும் உங்கள் மகன் ரஷ்யக் குடிமகன்தான். ரஷ்யாவுக்குள் அவன் ரஷ்ய பாஸ்போர்ட்டில்தான் நுழைய முடியும், நுழைந்த பிறகு அங்கே அவன் ரஷ்யன் மட்டுமே, அமெரிக்கத் தூதரகம் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. 2024 முதல் அங்கே கட்டாய ராணுவ சேவை வயது 18 முதல் 30 வரை. உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து அமெரிக்க வெளியுறவுத் துறை ரஷ்யாவுக்குப் போகவே வேண்டாம் என்றும், இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை ராணுவத்தில் சேர்க்கும் ஆபத்து உண்டு என்றும் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது.

இப்போது போக வேண்டாம் என்றுதான் என் சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் சொல்வேன், அழுதாலும் சொல்வேன். காலாவதியான பாஸ்போர்ட்டையும் பழைய ரஷ்யப் பிறப்புச் சான்றிதழையும் பத்திரமாக அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ரஷ்யக் குடியுரிமையை விடுவதா வைத்திருப்பதா என்ற முடிவை நீங்கள் எடுக்காதீர்கள். 18 ஆனபின் அது அவனுடையது. ஒரு வழக்கறிஞரிடம் அவனையே உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். ஊரைப் பார்க்கும் ஆசைக்கு இப்போதைக்கு அந்த ஊர்ப் படங்களை வைத்துக்கொண்டு கணவரை அவனோடு உட்காரச் சொல்லுங்கள், அன்று அவர் பார்த்ததையெல்லாம் அவர் வாயால் அவன் கேட்கட்டும்.

கேள்வி: தத்து மகளுக்கு 19 வயது, ஓசிஐ நாலு வயதில் எடுத்தது. புது அமெரிக்க பாஸ்போர்ட் வந்திருக்கிறது. ஓசிஐ அட்டையை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். 20 வயது முடியும்வரை ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் அதன் நகலையும் புதுப் புகைப்படத்தையும் இணையத்தில் ஏற்றினால் போதும், கட்டணம் இல்லை. மூன்று மாதத்துக்குள் ஏற்றிவிடுங்கள். 20 முடிந்த பிறகு எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டின்போது ஒரே ஒரு முறை அட்டையை மாற்ற வேண்டும். இப்போது வந்திருப்பது பத்து வருட பாஸ்போர்ட் என்பதால் அதற்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது.