வசனம் அனுப்பியும் பதில் இல்லையே?

கேள்வி: நானும் என் தோழியும் 15 ஆண்டுகளாக ஒரே சபையில் ஐக்கியமாக இருந்து வருகிறோம். 8 மாதங்களுக்கு முன்பு அவள் கணவர் மாரடைப்பால் திடீரென்று இறந்துபோனார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வேத வசனம் அனுப்பி வருகிறேன். இப்போது அவளிடமிருந்து பதில் வருவதில்லை. ஆராதனைக்கும் அவள் வருவதில்லை. சென்ற வாரம் தொலைபேசியில், "ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார், என்னால் ஜெபிக்க முடியவில்லை" என்று சொல்லி அழுதாள். அவளுடைய விசுவாசத்தை மீட்க நான் என்ன செய்ய வேண்டும்? ஜெபக்கூட்டத்தில் சொல்லி எல்லாரையும் ஜெபிக்கச் சொல்லலாமா?

பதில்: அன்புச் சகோதரி, சபையில் எத்தனையோ பேர் இருக்க, அவர் அந்த வார்த்தையை உங்களிடம்தான் சொல்லி அழுதிருக்கிறார். மனதில் உள்ளதை மறைக்காமல் கொட்டும் அளவுக்கு உங்களை இன்னும் நம்புகிறார். அவர் சொன்னதைக் கேட்டுப் பதறிவிடாதீர்கள். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றுதான் 22ஆம் சங்கீதம் தொடங்குகிறது. சிலுவையில் நம்முடைய ஆண்டவரே அந்த வார்த்தைகளைச் சொல்லிக் கதறினார். 88ஆம் சங்கீதமோ கடைசி வரி வரை இருளிலேயே நின்றுவிடுகிறது. வேதாகமத்துக்குள்ளேயே இடம்பெற்றிருக்கும் ஒரு கூக்குரல் உங்கள் தோழியின் வாயிலிருந்து வரும்போது, அதை விசுவாசம் போய்விட்டதற்கு அடையாளமாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தினமும் வசனம் அனுப்புவதைச் சிறிது காலம் நிறுத்திவிடுங்கள் என்றே சொல்வேன். நீங்கள் அன்பினால்தான் அனுப்புகிறீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேதாகமத்தில், பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து தவித்த யோபுவைப் பார்க்க வந்த மூன்று சிநேகிதரை நினைத்துப் பாருங்கள். அவனுடைய துக்கம் மிகக் கொடியது என்று கண்டு, 7 நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர்கள் செய்ததில் மிக நல்ல காரியம் அதுதான். பிறகு வாய் திறந்து, கடவுளின் நீதியை எடுத்துச் சொல்லி, யோபுவைத் திருத்த முயன்றார்கள். அவர்கள் சொன்னதில் பல வரிகள் தனியே எடுத்துப் படித்தால் சரியாகவே தோன்றும். ஆனாலும் முடிவில் ஆண்டவருடைய கோபம் அழுது புலம்பிய யோபுவின் மேல் வரவில்லை, ஆண்டவருக்காக வாதாடிய அந்த மூவர் மேல்தான் வந்தது. துக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவது குளிர்காலத்தில் அவன் மேலாடையைக் களைவது போன்றது என்று நீதிமொழிகளும் சொல்கிறது.

என் தாயார் மறைந்த ஆண்டில் எனக்கு வந்த ஆறுதல் மொழிகளில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. சபையைச் சேர்ந்த ஒரு மூத்த சகோதரி மட்டும் புதன்கிழமைதோறும் மாலையில் வீட்டுக்கு வருவார். நாற்காலியின் மேல் நாள்கணக்காகக் குவிந்து கிடக்கும் துவைத்த துணிகளை எடுத்து, சட்டைகளின் கையை உள்ளே மடக்கி, நீவி நீவி அடுக்கி வைப்பார். நான் பேசினால் கேட்பார். பேசாவிட்டால் மடித்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் அம்மாவின் புடவை ஒன்று அந்தக் குவியலில் வந்துவிட்டது. அதை மடிக்காமல் தம் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அதன்பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது. "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று பவுல் எழுதியதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. "எது வேண்டுமானாலும் கேள்" என்று பலர் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பதற்கே தெம்பு இருக்காது. ஆகவே நீங்கள் கேட்காமலே செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு, தவறாமல் செய்யுங்கள். கணவரின் பெயரைச் சொல்லிப் பேசவும் தயங்காதீர்கள். மற்றவர்கள் அந்தப் பெயரைத் தவிர்ப்பது அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

விசுவாசத்தை எப்படி மீட்பது என்று கேட்கிறீர்கள். அந்தப் பொறுப்பு உங்களுடையது அல்ல, சகோதரி. மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினார்கள். "அவர்கள் விசுவாசத்தை" இயேசு கண்டார் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது; படுத்திருந்தவன் ஜெபித்ததாக ஒரு வார்த்தையும் இல்லை. உங்கள் தோழியால் இப்போது ஜெபிக்க முடியவில்லை என்றால், அவருக்காக நீங்கள் உங்கள் வீட்டில் ஜெபியுங்கள். "நீயும் ஜெபி" என்று அவரை வற்புறுத்த வேண்டாம்.

ஜெபக்கூட்டத்தைப் பற்றிக் கேட்டிருப்பதற்கு என் பதில், அவர் அனுமதியில்லாமல் வேண்டாம் என்பதே. ஒருவர் அழுது சொன்ன அந்தரங்கம் ஜெபக்குறிப்பாகி, கூட்டம் முடிந்து வாசலுக்கு வருவதற்குள் ஊர்ப்பேச்சாகிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அப்படிக் காயப்பட்டவர்கள் ஆராதனைக்குத் திரும்புவது அரிது. அவர் சம்மதித்தால்கூட, "கணவரை இழந்த நம் சகோதரிக்காக" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஒன்றில் மட்டும் தாமதிக்காதீர்கள். அவர் வாரக்கணக்கில் தூங்காமலும் சாப்பிடாமலும் இருந்தாலோ, சாக வேண்டும் என்று பேசினாலோ, அவருடைய குடும்பத்தாரிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த நேரத்தில் அவரைத் தனியே விடவும் வேண்டாம். நான் சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மருத்துவ உதவி தேடுவது அவிசுவாசம் ஆகிவிடாது.

இந்த வாரமே நேரில் போங்கள். அவர் கதவைத் திறக்காமல் போகலாம், திறந்தும் பேசாமல் இருக்கலாம். அப்படியானால் கொண்டுபோனதை வாசலில் வைத்துவிட்டு, அடுத்த வாரம் இதே நாள் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். அடுத்த வாரம் அதே நாளில் போய் நில்லுங்கள்.