சாயங்காலம் ஆனாலே பிள்ளைமேல் எரிச்சல்

கேள்வி: குடியாத்தத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய் வருகிறேன்; ஷூவின் மேல்பகுதியை (அப்பர்) தைக்கும் வேலை. வீடு வர ஏழு மணி. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் ஹோம்வொர்க் எழுத அடம்பிடித்தால் அடித்துவிடுகிறேன். அவன் தூங்கிய பிறகு அழுகை வருகிறது. பின்கழுத்து வலி, சரியான தூக்கமில்லை, காலையில் எழும்போதே அசதி. பி.பி.யாக இருக்குமா டாக்டர்?

பதில்: அளந்து பார்த்துவிடுங்கள். ஆனால் பி.பி. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. நீங்கள் எழுதியிருப்பவை மன அழுத்தம் உடம்பில் இறங்கும்போது வருபவை. கழுத்து வலிக்கு, குனிந்தபடியே தைப்பதும் ஒரு காரணம்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே அசதியையும் எரிச்சலையும் தரும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு போடாதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அடி எப்போது விழுகிறது என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள். உங்கள் கடிதப்படி பார்த்தால் அது ஏழிலிருந்து எட்டரைக்குள்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் வயிற்றில் டீயைத் தவிர ஒன்றும் இருக்காது. பையனும் பசியில்தான் இருப்பான். பசித்த இரண்டு பேர் கணக்கு நோட்டைத் திறந்தால் சண்டைதான் வரும். பஸ்ஸில் வரும்போதே ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ சாப்பிடுங்கள். வந்ததும் முகம் கழுவி, அவனுக்கும் ஏதாவது கொடுத்து, பத்து நிமிடம் செல்போன் இல்லாமல் அவனோடு சும்மா உட்காருங்கள். அதன் பிறகு ஹோம்வொர்க், அதுவும் இருபது நிமிடம் போதும். மிச்சம் இருந்தால் நோட்டில் ஒரு வரி எழுதி டீச்சருக்கு அனுப்பலாம்; ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கை ஓங்கும் முன் உடம்பு சொல்லிவிடும்: பல் கடிபடும், குரல் ஏறும், காது சூடாகும். உடனே நோட்டை மூடிவிட்டு வாசலுக்குப் போங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள், பத்து முறை. வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் படபடப்பு அடங்கும். அப்படியும் அடித்துவிட்டால், "அம்மா அடித்தது தப்பு" என்று அன்றைக்கே சொல்லுங்கள். "நீ அடம்பிடித்ததால்தான்" என்று சேர்க்காதீர்கள், பழி அவன்மேல் போய்விடும்.

வீட்டுக்காரரிடம் "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. "திங்கள், புதன், வெள்ளி ஹோம்வொர்க் உங்களுடையது" என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம். மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கவே வாங்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் சோர்ந்தே கிடந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருந்தும் ஆலோசனையும் உண்டு. வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநலப் பிரிவிலோ காட்டலாம். செத்துவிடலாம் என்றோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ தோன்றினால் தனியாக இருக்காதீர்கள்; வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லி, அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.