பாலூட்டப் போனால் சம்பளம் பிடிக்கலாமா?

கேள்வி: பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தையல் பிரிவையும் சேர்த்தால் நூறு பேருக்கு மேல் வேலை செய்கிறோம். பேறுகால விடுப்பு முடிந்து வந்து இரண்டு மாதமாகிறது. வீடு பக்கத்தில்தான், குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார். பதினொரு மணிக்கெல்லாம் பால் கட்டி வலிக்கிறது. சுடிதார் நனைவது தெரியாமலிருக்கத் துப்பட்டாவை மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஸ்கூட்டியில் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தால் பெர்மிஷன் கணக்கில் எழுதி, மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா அம்மா?

- வாசகி, திருப்பூர்

பதில்: விட வேண்டாம்மா. அவர்கள் பிடிப்பதுதான் தப்பு.

குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, தினமும் இரண்டு முறை பாலூட்ட நேரம் தர வேண்டும். அதற்காகச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே இது இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

2017-இல் விடுப்பு 26 வாரமானது எல்லோருக்கும் தெரியும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் தினமும் நான்கு முறை அங்கே போய் வரலாம் என்றும் அப்போதே சேர்த்தார்கள். அதைப் பற்றி மட்டும் முதலாளிமார் வாயே திறப்பதில்லை. நான் தொழிற்சங்கத்தில் இருந்தபோது பார்த்த காப்பகங்கள் சிலவற்றில் வாசலில் பலகை இருக்கும். உள்ளே நூல் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: மனிதவளப் பிரிவுக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். குழந்தையின் பிறந்த தேதி, உங்களுக்கு வேண்டிய இரண்டு நேரங்கள், இதுவரை பிடித்த தொகை எல்லாம் அதில் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு நகல்களை இணையுங்கள். இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் வராதீர்கள். தையல் பிரிவிலும் கைக்குழந்தைக்காரிகள் இருப்பார்களே, அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். பீஸ் கணக்கில் தைக்கிறவர்களுக்கு நஷ்டம் உங்களைவிட அதிகமாக இருக்கும். தனியாகக் கேட்கவும் பயப்படுவார்கள். காப்பகத்தையும் சேர்த்தே கேளுங்கள். பதில் வராவிட்டால் முத்திரை போட்ட பிரதியோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

அப்புறம், பால் கட்டிக் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.