600க்கும் மேற்பட்ட படங்கள், தொடர்களில் நடித்தும் கதாநாயகன் ஆகாத ஜேம்ஸ் ஹாங்கை எப்படி வெற்றி பெற்ற நடிகர் என்கிறார்கள்?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை. நான் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இருக்கிறேன். பகலில் ஒரு கட்டடப் பொறியியல் அலுவலகத்தில் வேலை. கூடவே விளம்பரங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் சின்ன வேடங்கள் செய்கிறேன். மருந்துக்கடைக்காரப் பெண், பக்கத்து வீட்டு அம்மா, மோட்டல் என்கிற சாலையோரத் தங்கும் விடுதியை நடத்துபவர், இப்படி. ஒரு வசனம் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. ஊரிலிருந்து போன் பேசுகிறவர்கள் கேட்பதும் நீங்கள் கேட்டதும் ஒன்றுதான்: "பெரிய வேஷம் எப்போ?"

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கையில் ஒரு வேலை, மனதில் நடிப்பு ஆசை என்று இருப்பவர்தான் இப்படிக் கேட்பார் என்று தோன்றுகிறது. "உன்னால ஹீரோ ஆக முடியுமா? இல்லேன்னா எதுக்கு?" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படியானால் ஹாங்கின் ஆரம்ப காலத்திலிருந்து தொடங்குவது நல்லது.

அவர் 1929இல் மினியாபொலிஸ் நகரில், சீனாவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் சில வருடங்கள் ஹாங்காங்கில் படித்துவிட்டுப் பத்து வயதில் அமெரிக்கா திரும்பினார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்து, பிறகு லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1953இல் பட்டம் வாங்கினார். அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் சாலைப் பொறியாளர் வேலை. 1954இல் க்ரூச்சோ மார்க்ஸ் என்ற பிரபல நகைச்சுவை நடிகர் நடத்திய தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிக்குப் போய், அந்த க்ரூச்சோ எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவரைப் போல மிமிக்ரி செய்து காட்டினார். அதற்கடுத்த வருடமே அன்றைய பெரிய ஹாலிவுட் நட்சத்திரம் கிளார்க் கேபிள் நடித்த படத்தில் ஒரு சிறு வேடம். இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது? வருட விடுமுறையையும் மருத்துவ விடுப்பையும் எடுத்துப் படப்பிடிப்புக்குப் போயிருக்கிறார். ஒன்றரை வருடம் இப்படி ஓட்டிவிட்டுத்தான் சாலை வேலையை விட்டார்.

இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நானும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆடிஷனுக்குப் போகிறவள்தான்.

அந்தக் காலத்து ஹாலிவுட்டில் சீன முகத்துக்கு என்ன மரியாதை இருந்தது என்றும் பார்க்க வேண்டும். 1937இல் சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றி ‘தி குட் எர்த்’ என்று பெரிய செலவில் ஒரு படம் எடுத்தார்கள். கணவன் மனைவி இருவருமே வெள்ளையர்கள், பால் முனியும் லூயிஸ் ரெய்னரும். ரெய்னருக்கு ஆஸ்கரும் கிடைத்தது. அந்த வேடத்துக்கு ஆசைப்பட்ட அன்னா மே வோங் என்ற சீன அமெரிக்க நடிகை ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றவர், அவருக்குக் கிடைக்கவில்லை. இருபது வருடம் கழித்து, 1957இல், சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளரை வைத்துத் தொலைக்காட்சித் தொடர் வருகிறது. துப்பறிவாளராக ஜே. கேரல் நேஷ், ஐரிஷ் வம்சத்தவர், ஒப்பனை போட்டுக்கொண்டு. மூத்த மகன் பேரியாக ஜேம்ஸ் ஹாங். அப்பா வேடம் வெள்ளையருக்கு, மகன் வேடம் சீனருக்கு! இந்த நிலைமையில் ஹாங் ஏன் கதாநாயகன் ஆகவில்லை என்று அவரைக் கேட்பது நியாயமா? வாசலைப் பூட்டி வைத்திருந்தவர்களை அல்லவா கேட்க வேண்டும்?

சரி, கிடைத்த சின்ன வேடங்களில் அவர் என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன். ‘பிளேட் ரன்னர்’ படம் 1982இல் வந்தது. அதில் செயற்கை மனிதர்களுக்குக் கண் தயாரிக்கும் ச்யூ என்ற கிழவர் இவர். ஒரே காட்சிதான். உண்மையான குளிர்பதனக் கிடங்கில் எடுத்தது. உரோமக் கோட்டு போட்டுக்கொண்டு, நுண்ணோக்கியில் ஒரு கண்ணைப் பார்த்து, தன் வேலையின் அழகில் தானே மயங்கித் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார். மிரட்ட இரண்டு பேர் உள்ளே வருகிறார்கள். குளிரில் நடுங்குகிறார், உயிர்ப்பயம் வேறு. அந்த நிலையிலும் எதிரில் நிற்பவனுடைய கண் தான் செய்தது என்று தெரியும்போது, பயத்துக்கு நடுவே ஒரு பெருமை வந்துபோகும். அந்தப் படத்தில் எத்தனையோ பெரிய காட்சிகள் உண்டு. நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது இதைத்தான்.

1991இல் ‘சைன்ஃபெல்ட்’ என்ற நகைச்சுவைத் தொடரில் சீன உணவகத்தில் நடக்கும் ஒரு எபிசோட். மேசைக்காக மூன்று பேர் காத்திருப்பார்கள், கதை அவ்வளவுதான். வாசலில் நின்று பெயர் எழுதுகிறவர் ஹாங். எப்போது கேட்டாலும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்பார். அவர் முகத்தைக் கவனியுங்கள். சிரிக்க வைக்க வேண்டும் என்று எதுவுமே செய்ய மாட்டார். அந்த மூன்று பேர் நமக்குக் கதாநாயகர்கள். அவருக்கோ அன்றைக்கு ராத்திரி வந்த கூட்டத்தில் மூன்று பேர், அவ்வளவே. அவருக்கு அவர் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. சின்ன வேடத்தின் சூட்சுமம் முழுக்க இதில் இருக்கிறது என்பேன். கதாநாயகன் உள்ளே வருவதற்கு முன்பும் அந்த மனிதருக்கு ஒரு நாள் போய்க்கொண்டிருந்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இதை நான் பாடமாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு போலீஸ் தொடரில் மோட்டல் நடத்தும் இந்தியப் பெண் வேடத்துக்கு ஆடிஷன் வந்தது. துப்பறியும் அதிகாரிகள் வந்து ஒரு போட்டோவைக் காட்டுவார்கள். நான் பயந்துபோய், எனக்கு வம்பு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பேசிக் காட்டினேன். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர், "இன்னும் கொஞ்சம் இந்தியத்தனமாப் பேசுங்க" என்றார். நான் திருநெல்வேலிக்காரி. என் ஆங்கிலத்தில் இருப்பது நெல்லை வாடை. அவர் கேட்டது கார்ட்டூனில் வரும் பேச்சு. கோபித்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். வர மனமில்லை. "இந்தப் பெண் எந்த ஊர்க்காரங்க? இங்க மோட்டல் நடத்துறவங்கள்ல குஜராத்திகள் ரொம்ப அதிகம். குஜராத்திப் பெண்ணா இருந்தா அந்தப் பேச்சைக் கத்துக்கிட்டுப் பேசுறேன்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, அப்படியே செய்யுங்கள் என்றார்.

என் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் ஒரு பெண் மோட்டலிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளிடம் போய் உட்கார்ந்தேன். முன்னால் கவுண்டர், கதவுக்குப் பின்னால் வீடு. ராத்திரி எந்நேரம் மணி அடித்தாலும் யாராவது எழுந்து வர வேண்டும். வந்தவர் முகத்தைவிட அவர் வந்த காரைத்தான் அவள் அம்மா முதலில் பார்ப்பாராம். பதிவுச் சீட்டில் எழுதிய வண்டி எண்ணும் வெளியே நிற்கும் வண்டி எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் சாவி கொடுப்பாராம்.

படப்பிடிப்பில் அதைச் செய்தேன். அதிகாரி போட்டோவை நீட்டியதும் அதைப் பார்க்காமல், கண்ணாடி வழியாக வெளியே அவர்கள் வந்த காரைப் பார்த்துவிட்டு, அப்புறம் போட்டோவுக்கு வந்தேன். இயக்குநர் வந்து ஏன் அப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டார். விளக்கினேன். அடுத்த டேக்கில் எனக்கு ஒரு வசனம் கூடியது: போட்டோவில் இருப்பவன் வந்த வண்டியின் எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறேன். பயந்த பெண்ணாக எழுதப்பட்டவள் அந்த வழக்குக்குத் துப்புக் கொடுக்கிறவளாகிவிட்டாள். ஒளிபரப்பிலும் அது அப்படியே வந்தது.

திரையில் சில நொடிகள்தான், தெரியும். பார்த்துவிட்டு என் சித்தி மகன், "அக்கா, இதுக்கா லீவு போட்டீங்க?" என்றான். அவன் மேல் கோபமில்லை, சின்னப் பையன். ஆனால் அந்தக் கேள்வி இன்னமும் உறுத்துகிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது சிலர் பின்னூட்டத்தில் வருவார்கள் என்று தெரியும். "1986இல் வந்த ‘பிக் ட்ரபிள் இன் லிட்டில் சைனா’வில் லோ பான் என்ற மந்திரவாதி இவர்தானே? மர்மமான கெட்ட சீனன் என்ற பழைய வார்ப்பைத்தானே தூக்கிப்பிடித்தார்?" என்பார்கள். அந்த வார்ப்பு சரி என்று நான் சொல்லவில்லை. அது செய்த கேடு எனக்கும் தெரியும். ஆனால் ஹாங் அதோடு நின்றுவிட்டவர் இல்லை. 1965இலேயே மாகோ, பியூலா குவோ, சூன்-டெக் ஓ முதலான நடிகர்களோடு சேர்ந்து, லாஸ் ஏஞ்சலஸில் ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். ஸ்டூடியோக்கள் வேலைக்காரன், சலவைக்காரன், எதிரி நாட்டுச் சிப்பாய் என்று கொடுத்துக்கொண்டிருந்த காலம். அதே நடிகர்கள் ஆரம்ப வருடங்களில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் முழு நீள நாடகங்களின் முதன்மைப் பாத்திரங்களைப் போட்டார்கள். ஆசிய அமெரிக்க எழுத்தாளர்கள் புதிதாக நாடகம் எழுதவும் அங்கே இடம் கிடைத்தது. வீட்டு வாடகைக்கு ஸ்டூடியோ, மனசுக்கு மேடை என்று இரண்டையும் ஒரே காலத்தில் செய்த மனிதரை, ஒரு படத்தைக் காட்டிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. 1974இல் ‘சைனாடவுன்’ படத்தில் அவருக்குக் கிடைத்ததும் வீட்டுப் பணியாளர் வேடம்தான். அந்த மேடை இல்லாதிருந்தால், பணியாளரைத் தவிர வேறு எதுவும் நடித்துப் பழகியிருக்கவே முடியாதே.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இப்போது இணையத்தில் தொடர் பார்க்கும்போது, கடைசிக் காட்சி முடிந்த நொடியே திரை மூலையில் சின்னப் பெட்டியாகச் சுருங்கி அடுத்த எபிசோட் ஓட ஆரம்பித்துவிடுகிறது. எங்கள் மாதிரி ஆட்களின் பெயர் வருவது அந்தச் சுருங்கிய பெட்டியில்தான். ஒப்பனை செய்தவர், விளக்குப் பிடித்தவர், சமைத்துப் போட்டவர் பெயரெல்லாம் அதில்தான் ஓடுகிறது. நம் ஊர் சேனல்களில் படம் போட்டால் கடைசிப் பெயர் வரிசையையே வெட்டிவிட்டு விளம்பரத்துக்குப் போகிறார்கள். ஒரு நிமிடம் ஓடினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஹாங் மாதிரி ஒருவருடைய முகம் எல்லாருக்கும் தெரிகிறது, பெயர் தெரியவில்லை என்றால் இதுவும் ஒரு காரணம். தயவுசெய்து அந்தப் பெயர்களை ஓட விடுங்கள்.

பெயர் என்றதும் அந்த நட்சத்திரக் கதை. ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் போட்டுப் பெயர் பதிக்க ஒருவரை முன்மொழிய வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும், அப்போது 55,000 டாலர். இத்தனை வருடம் நடித்தவருக்கு யாரும் அதைச் செய்யவில்லை. 2020இல் டேனியல் டே கிம் என்ற கொரிய அமெரிக்க நடிகர் பொதுமக்களிடம் நிதி கேட்டார். சில நாட்களிலேயே பணம் சேர்ந்துவிட்டது. 2022 மே மாதம், 93 வயதில், நட்சத்திரம் பதித்தார்கள். அந்தப் பெருமையைப் பெற்றவர்களிலேயே மூத்தவர் என்று செய்தி வந்தது. ஸ்டூடியோக்காரர்களின் தயவு இல்லாமல், அவர் முகத்தைத் தெரிந்த சாதாரண ஜனங்கள் பத்தும் இருபதுமாகப் போட்டுக் கட்டியது.

அதே வருடம் ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ வந்தது. அதில் சக்கர நாற்காலியில் வரும் தாத்தா அவர்தான். படம் மறு வருடம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் உட்பட ஏழு ஆஸ்கர் வாங்கியது. அதற்குச் சற்று முன், 2023 பிப்ரவரியில், நடிகர் சங்க விருது மேடையில் மொத்தக் குழுவும் நிற்க, 94 வயது ஹாங் மைக்கைப் பிடித்தார். முதல் படம் கிளார்க் கேபிளோடு என்று ஆரம்பித்து, ‘தி குட் எர்த்’ காலத்தில் கண்களை டேப் போட்டு இழுத்து ஒட்டிக்கொண்டு சீனர்களாக நடித்தார்கள், ஆசியர்களுக்குத் திறமை போதாது, வசூலும் வராது என்றார்கள், இப்போது எங்களைப் பாருங்கள் என்று முடித்தார். நான் வீட்டில் தனியாக எழுந்து நின்று கைதட்டினேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆமாம், வெற்றி பெற்றவர்தான், சந்தேகமே வேண்டாம். வேலையை விடலாமா என்றும் நீங்கள் யோசிப்பதாக இருந்தால், அவர் மாதிரியே முதலில் லீவை வைத்துத் தொடங்குங்கள், ஆடிஷன்கள் கூடட்டும், பிறகு முடிவெடுக்கலாம். இன்றே ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சீன உணவக எபிசோடைப் பாருங்கள், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ‘குங்ஃபூ பாண்டா’வை ஆங்கிலத்தில் போடுங்கள், பாண்டாவை வளர்க்கும் நூடுல்ஸ் கடை வாத்து அப்பாவின் குரல் அவருடையது. 2024இல் வந்த நான்காம் பாகம் வரை அவரேதான் பேசியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸ் வந்தால் லிட்டில் டோக்கியோ பகுதிக்குப் போங்கள். ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ் இன்றும் அங்கே ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் நாடகம் போடுகிறார்கள், டிக்கெட் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.