‘உங்களுக்குப் புரியாதும்மா’

கேள்வி: எனக்கு வயது 61. கணவர் ரயில்வேயில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நாக்பூர் குவார்ட்டர்ஸில் பல வருடம் குப்பை கொட்டியதால் ஹிந்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இப்போது கோவையில் மகன், மருமகளோடு இருக்கிறோம். சினிமா என்றால் எனக்கு உயிர். தியேட்டரில் விட்டதை ஓ.டி.டி.யில் பிடித்துவிடுவேன். வீட்டில் இதனாலேயே சண்டை. ‘அனிமல்’ எனக்கு அருவருப்பாக இருந்தது. மகனோ திரும்பத் திரும்பப் பார்க்கிறான், ஒரு இடத்தில் கண்கூடக் கலங்கினான். ‘ஓப்பன்ஹைமர்’ குண்டு வெடித்ததோடு முடிந்திருக்கலாம், அப்புறம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றேன். சிரித்துவிட்டார்கள். ‘லாபதா லேடீஸ்’ எனக்கு அவ்வளவு பிடித்தது, மருமகள் “சீரியல் மாதிரி இருக்கு அத்தை” என்கிறாள். எதைச் சொன்னாலும் மகனிடம் ஒரே பதில்தான்: “உங்களுக்குப் புரியாதும்மா.” எனக்கு ரசனை போதவில்லையா? வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் மரியாதையா?

பி.கு.: ‘சின்னர்ஸ்’ பேய்ப் படமாமே? நான் பார்க்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வாயை மூட வேண்டாம். ஆனால் தியேட்டர் பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுப்பதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அருவருப்பு, பிடித்தது என்று உங்கள் கடிதத்தில் முடிவுகள் இருக்கின்றன. எந்தக் காட்சி உங்களை அப்படி நினைக்க வைத்தது என்பது இல்லை. ‘ஓப்பன்ஹைமர்’ ஒன்றுக்குத்தான் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். முடிவை மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவரும் தன் முடிவைத்தான் எடுத்து வீசுவார். காட்சியைச் சொல்லிப் பாருங்கள், அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை உங்களுக்குப் புரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

‘அனிமல்’ விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் உங்கள் மகன் என்ன வாதம் வைத்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும், 2023 டிசம்பரிலிருந்து எல்லா வீட்டிலும் அதேதான். முதல் வாதம், வசூல். உலகம் முழுக்க 800 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த படம் மோசமாக இருக்குமா? இதற்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். நீங்களும் டிக்கெட் வாங்கித்தானே பார்த்தீர்கள்? உங்கள் காசும் அந்தக் கோடிகளில் சேர்ந்திருக்கிறது. எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பதை வசூல் சொல்லும். என்ன முகத்தோடு வெளியே வந்தார்கள் என்பதை அது சொல்லாது.

இரண்டாவது வாதம் கனமானது. “அவன் நல்லவன்னு படம் எங்கம்மா சொல்லுது? பேரே அனிமல்தானே?” கெட்டவனைக் காட்டுவது தப்பில்லை என்பது உண்மைதான். காட்டக் கூடாது என்றால் ராவணன் இல்லாமல்தான் கூத்து கட்ட வேண்டும். கேள்வி வேறு: காட்டும்போது படம் எங்கே நிற்கிறது?

ஷூ காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். காதல் உண்மை என்றால் என் ஷூவை நக்கு என்று கதாநாயகன் ரன்விஜய், தன்னைக் காதலிப்பதாகச் சொல்லும் ஸோயாவிடம் சொல்கிறான். அவள் குனியப் போகும்போது எழுந்து போய்விடுகிறான். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் மனசு என்ன ஆனது என்பது படத்துக்குத் தேவைப்படவே இல்லை. மூன்று மணி நேரம் 21 நிமிடம் ஓடும் படத்தில் அதற்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. ஹோட்டல் சண்டையில் அவன் கோடரியோடு இறங்கும்போது ‘அர்ஜன் வைலி’ பாட்டு எழுகிறது பாருங்கள், பிடிக்காதவன் காலும் தாளம் போடும். இந்தப் படத்தின் பின்னணி இசைக்கும் ஒலி வடிவமைப்புக்கும் தேசிய விருது கிடைத்தது, தகுதியான விருதுதான். என் புகாரே அதுதான். அவ்வளவு தேர்ந்த இசையும் ஒலியும் ஒரே ஆளுக்கு வக்காலத்து வாங்குகின்றன. வசனத்தில் அவனை யாராவது திட்டலாம், மனைவி ஓர் அறைகூட விடலாம். ஆனால் உங்கள் நெஞ்சைப் படபடக்க வைக்கிற வேலை இசையுடையது, அது அவன் கூடவே நடக்கிறது.

இதே கேள்விக்கு நேர் எதிர்ப் பதிலைப் பார்க்க வேண்டுமானால், அதே வருடம் வந்த ‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்’ பாருங்கள். ஜோனதன் கிளேஸர் இயக்கியது. ஆஷ்விட்ஸ் வதை முகாமின் தலைவன் ருடால்ஃப் ஹெஸ், மனைவி குழந்தைகளோடு முகாமின் மதிலை ஒட்டிய வீட்டில் வாழ்கிறான். மனைவி தன் அம்மாவைக் கூட்டிப்போய்த் தோட்டத்தைக் காட்டுகிறாள். பூக்கள், காய்கறிப் பாத்தி, கண்ணாடிக் கூடம். மதிலுக்கு அந்தப் பக்கம் நடக்கும் கொலைகளை ஒரு தடவைகூட நமக்குக் காட்டுவதில்லை. ஆனால் துப்பாக்கிச் சத்தமும் அலறலும் உலை இரைச்சலும் நிற்பதே இல்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறாள். சிறந்த ஒலிக்கான ஆஸ்கரில் ‘ஓப்பன்ஹைமர்’ படத்தையே தாண்டி இது ஜெயித்தது. அந்த மனிதர்களைத் திட்டி ஒரு வசனம் கிடையாது, ஆனாலும் படம் யார் பக்கம் என்பதில் நமக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வராது. இதை மகனோடு சேர்ந்து பார்த்துவிட்டு ‘அனிமல்’ பற்றிப் பேசுங்கள். அப்புறம் அவர் சொல்வதற்கும் கொஞ்சம் காது கொடுங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன்.

‘ஓப்பன்ஹைமர்’ விஷயத்தில், மன்னிக்கவும், நான் உங்கள் மகன் பக்கம். முக்கால்வாசி.

குண்டு வெடித்ததோடு முடிந்திருக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. அவ்வளவு நேரம் அதை நோக்கித்தான் நம்மை ஓட்டிப்போகிறார் இயக்குநர் நோலன். 1945 ஜூலை 16, நியூ மெக்ஸிகோ பாலைவனம், முதலில் ஒளி, பிறகு நிசப்தம், வெகு நேரம் கழித்து இடி. நம் ஊர்ப் பழக்கத்தில் அதுதான் கிளைமாக்ஸ். ஆனால் படத்தின் பெயர் குண்டின் பெயர் இல்லை, அதைச் செய்த விஞ்ஞானக் குழுவுக்குத் தலைமை தாங்கிய மனிதனின் பெயர். அவனைக் கொண்டாடிய அதே அரசாங்கம் 1954-ல் ஓர் அடைத்த அறையில் உட்கார வைத்து, உன்னை நம்ப முடியாது என்று அரசு ரகசியங்களைப் பார்க்கும் அனுமதியைப் பறித்தது. அதற்குப் பின்னால் இருந்து வேலை பார்த்த அணுசக்தி ஆணையத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ், 1959-ல் அமைச்சர் பதவி வாங்கப் போய் செனட்டில் மண்ணைக் கவ்வினார். கடைசி ஒரு மணி நேரம் இந்த இரண்டையும் பின்னுகிறது. வண்ணத்தில் வருவது ஓப்பன்ஹைமர் மனசு வழியாகப் பார்ப்பது, கறுப்பு வெள்ளை ஸ்ட்ராஸ் தரப்பு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். (ஐமேக்ஸ் கேமராவில் ஓடும் கறுப்பு வெள்ளை ஃபிலிம் அதுவரை கிடையாது. இந்தப் படத்துக்காகவே கோடாக் தயாரித்துக் கொடுத்தது. படம் பிடிக்காதவர்கள்கூட ஸ்ட்ராஸாக வரும் ராபர்ட் டவுனி ஜூனியரின் முகத்தை அந்தக் கறுப்பு வெள்ளைக்காகப் பார்க்கலாம்.)

ஹிரோஷிமா செய்தி வந்த பிறகு அரங்கத்தில் அவர் பேசும் காட்சி நினைவிருக்கிறதா? பெஞ்சுகளில் காலைத் தட்டி ஆரவாரம் செய்கிறார்கள். சட்டென்று ஆரவாரம் அறுந்து போகிறது. எதிரே சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் முகத்தோல் அவர் கண்ணுக்கு உரிந்து தெரிகிறது. ஹிரோஷிமாவைப் படம் நேரடியாகக் காட்டவே இல்லை, இந்தக் காட்சியில் வைத்துவிட்டது. குண்டோடு படம் முடிந்திருந்தால் நீங்கள் இதை இழந்திருப்பீர்கள், சகோதரி.

அந்த மீதிக் கால்வாசி உங்களுடையது. பெண்களை இந்தப் படம் கஞ்சத்தனமாகத்தான் எழுதியிருக்கிறது. மனைவி கிட்டி விசாரணை அறையில் வழக்கறிஞரை மடக்கும் அந்தச் சில நிமிடம் வரைக்கும் அவளுக்குக் கையில் கிளாஸைத் தவிர வேலை இல்லை. காதலி ஜீன் டாட்லாக் கதாபாத்திரம் வந்து துக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். போதாததற்கு அவள் ஆடையில்லாமல் வரும் காட்சியில், நம் நாட்டில் வெளியான பிரதியில் கணினியிலேயே அவளுக்கு ஒரு கறுப்பு உடை தைத்துப் போட்டுவிட்டார்கள். வசனத்தை இசை முழுங்குவதும் நோலனுக்குப் பழைய வியாதி. எனவே கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் வீட்டில் சப்டைட்டில் போட்டு இன்னொரு தரம் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் கருத்து, நான் தலையிட மாட்டேன்.

‘லாபதா லேடீஸ்’ பற்றி உங்கள் மருமகள் சொன்னதைக் கோபப்படாமல் யோசித்துப் பார்த்தேன். ஓரளவு நியாயம் இருக்கிறது. கடைசி இருபது நிமிடத்தில் எல்லா முடிச்சும் அவரவர் வீட்டு வாசலுக்கே வந்து அவிழ்ந்துகொள்கிறது. இவ்வளவு நல்லவர்கள் ஒரே வட்டாரத்தில் எப்படிக் குவிந்தார்கள் என்றும் கேட்கலாம். ஆனால் ‘சீரியல் மாதிரி’ என்பது சரியில்லை. சீரியல் அழுத்தி அழுத்திச் சொல்லும், கிரண் ராவ் சொல்லாமல் விடுகிறார். ரயிலில் மணப்பெண் மாறிவிட்டது. புது மாப்பிள்ளை தீபக் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மனைவியின் போட்டோவை நீட்டுகிறான். அதில் இருப்பது முழுக்க முக்காடு போட்ட ஓர் உருவம். இந்த முகத்தைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்! அந்த ஒரு போட்டோவில் சிரிப்பும் இருக்கிறது, வயிற்றைப் பிசைகிற விஷயமும் இருக்கிறது. அவன் மனைவி பூல் தொலைந்துபோய் ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் ஊர் ஏதோ ஒரு பூவின் பெயர் என்பதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை. கதை நடப்பது 2001-ல். உங்களுக்கு ரயில்வே ஸ்டேஷன் புதிதல்ல. டீக்கடை மஞ்சு மாயி போன்ற ஒரு மனுஷியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்தப் படத்தில் உங்கள் மருமகளுக்குத் தெரியாத எது உங்களுக்குத் தெரிகிறது என்று யோசித்தால் அதுதான் தெரிகிறது: அந்த நடைமேடை. அதை அவளிடம் சொல்லுங்கள். படம் அருமை என்று சொல்வதைவிட நாக்பூர் நடைமேடைக் கதை ஒன்றைச் சொன்னால் கேட்பாள்.

மஞ்சு மாயியாக வந்த சாயா கதம், ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ படத்திலும் இருக்கிறார். பாயல் கபாடியா இயக்கி, 2024-ல் கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கிய படம். மும்பையில் வேலை பார்க்கும் மலையாள நர்ஸுகளும், குடியிருப்பை இழக்கும் ஒரு மராத்திப் பெண்ணும். மலையாளம், ஹிந்தி, மராத்தி மூன்றும் கலந்து ஓடும். நாக்பூர்க்காரிக்கு இரண்டு கட்டாயம் காதில் விழும். மாமியாரும் மருமகளும் மட்டும் பாருங்கள், ஆண்களுக்கு அன்றைக்கு வேறு வேலை கொடுத்துவிடுங்கள்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். ‘அனிமல்’ பார்த்து மகன் ஒரு இடத்தில் கண் கலங்கினான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி அது. எந்த இடம் என்று கேட்டீர்களா? அந்தப் படத்தில், ரத்தத்தையும் ஆணவத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், அப்பா திரும்பிப் பார்க்க மாட்டாரா என்று ஏங்கும் ஒரு பையன் இருக்கிறான். கடைசிப் பகுதியில் அப்பாவை மகனாகவும் தன்னை அப்பாவாகவும் வைத்து நடித்துக் காட்டுகிறான். அப்பா கூப்பிடக் கூப்பிட, இவன் காதில் வாங்காமல் தன் வேலையைப் பார்க்கிறான். அப்பாவாக வரும் அனில் கபூர் முகம் அப்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். படத்திலேயே நேர்மையான இடம் என்று நான் நினைப்பது அதைத்தான்.

உங்கள் கணவர் லோகோ பைலட். டியூட்டி எப்போது, வீட்டுக்கு எப்போது என்று யாருக்கும் தெரியாத வேலை. பிறந்தநாளும் ரிசல்ட் நாளும் வெளியூரில் ரயில் ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூமில்தான் கழிந்திருக்கும். நான் மனநல மருத்துவர் இல்லை, என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். பையனுக்குப் பாட்டும் சண்டையும் மட்டுமே பிடித்திருக்கலாம். ஆனால் “அந்தப் படம் ஏன்டா உனக்குப் பிடிக்குது?” என்று சண்டைக் குரலில் கேட்பதை விட்டுவிட்டு, “எந்த இடத்துல கண்ணு கலங்குச்சு?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே உங்கள் கருத்தைச் சொல்லாதீர்கள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாம். உங்கள் கணவரும் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஷூ காட்சியைப் பற்றி அடுத்த வாரம் சண்டை போடலாம். அதில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதே இல்லை.

பின்குறிப்புக்குப் பதில். ‘சின்னர்ஸ்’ பேய்ப் படம் என்பதைவிட ரத்தக் காட்டேரிப் படம். ஆனால் வெகு நேரத்துக்குக் காட்டேரி எட்டிக்கூடப் பார்க்காது. 1932, அமெரிக்காவின் மிஸிஸிப்பி, பருத்திக் காடு. இரட்டைச் சகோதரர்கள் ஊர் திரும்பி, கறுப்பின மக்கள் ஆடிப் பாட ஒரு கூடம் திறக்கிறார்கள். இரண்டு பேருமே மைக்கேல் பி. ஜோர்டன்தான். பாதிரியார் மகன் ஒருவன் கிதார் எடுத்துப் பாடும்போது ஆப்பிரிக்க முன்னோர்களும், இன்னும் பிறக்காத காலத்து எலெக்ட்ரிக் கிதார்க்காரனும் அதே கூடத்துக்குள் வந்து ஆடுகிறார்கள். அந்தக் காட்சிக்காகவே பார்க்கலாம். இசை ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்குப் போட்ட அதே லுட்விக் யோரான்சன், இங்கே வசனத்தை முழுங்கவில்லை. பிற்பகுதியில் ரத்தம் தாராளம், சில படுக்கையறைச் சமாசாரமும் உண்டு, பேரன் பேத்தி பக்கத்தில் இருந்தால் போடாதீர்கள். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் ரிமோட்டைத் தேடாதீர்கள். நடுவில் ஒரு நீளமான காட்சி இருக்கிறது, ப்ளூஸ் கிதார் மேதை பட்டி கை (Buddy Guy) நிஜமாகவே வந்து உட்கார்ந்திருக்கிறார்.